ஈயமும் பூச்சும்

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். ஒன்று வெள்ளீயம்; மற்றது காரீயம். முன்னது பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்திற் பூசப்பட்டுப் புளி சேர்ந்த உணவைக் களிம்பினின்று காப்பது. பின்னது உடலினுள்ளே சென்றால் நஞ்சாவது. காப்பதையும் கெடுப்பதையும் ஓர் அடைமொழி மட்டுமே பிரித்து நிற்கின்றது. பேச்சுவழக்கில் அவ்வடைமொழியும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

ஈயம் பூசுபவர் வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்து உலை மூட்டிய காலத்தை மூத்த தலைமுறையினர் அறிவர். பாத்திரத்தை நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுப் பழந்துணியால் ஒரே வீச்சிற் சுற்றித் தேய்ப்பார். மஞ்சளாய் இருந்த பாத்திரத்தின் வயிறு வெள்ளியாய் மாறும். அப்பூச்சு நிலையானதன்று, அகப்பை பட்டுப்பட்டு நாளடைவில் தேயும். அடியில் மஞ்சள் தெரியத் தொடங்கியதும் வீட்டுப் பெண்கள் புளிக்கறியை அதில் வைப்பதை நிறுத்திவிட்டு, ஈயம் பூசுபவரின் வருகையை எதிர்பார்த்திருப்பர். பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறதென்பதை அவர்கள் ஒருநாளும் மறந்ததில்லை.

இவ்வழக்கத்தை நினைவிற் கொண்டு, கடலுக்கப்பால் வழங்கும் வேறொரு வழக்கத்தை நோக்குவது பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவில் வேட்டையிலும் இலக்குச் சுடுதலிலும் ஈடுபடுவோருள் ஒரு சாரார், தமக்கு வேண்டிய துப்பாக்கிச் சன்னங்களைக் கடையில் வாங்காது, காரீயத்தை உருக்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்கின்றனர். அண்மைக் காலத்தில் இவர்கள் தாம் வார்த்த சன்னங்களுக்கு வண்ணத் தூளினால் ஒரு பூச்சும் இடுகின்றனர். அங்கே ஈயத்தினாற் பித்தளையைப் பூசுகின்ற வேலை இல்லை. ஈயத்தையே பூசி மூடுகின்ற வேலை நடைபெறுகின்றது.

வீட்டில் ஈயம் வார்த்தல் அந்நாட்டிற்குப் புதியதன்று. அந்நாட்டின் பிறப்போடு சேர்ந்தது. 1770ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனுக்குக் குதிரைமேல் அமர்ந்த கோலத்திற் சிலையொன்று நிறுவப்பட்டது. காண்போர் கண்ணுக்கு அது பொன். உள்ளே முழுவதும் ஈயம். 1776 யூலை 9ஆம் நாள், சுதந்திரப் பிரகடனம் படைவீரருக்கு வாசிக்கப்பட்ட அன்று மாலை, மக்கள் திரண்டு அச்சிலையைக் கயிறு கட்டி வீழ்த்தினர். அதன் துண்டுகளிற் பெரும்பகுதி கனெற்றிக்கட் மாநிலத்திலுள்ள லிச்பீல்ட் என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒலிவர் வொல்கொட் என்பவரின் வீட்டில் உருக்கி வார்க்கப்பட்டது. வார்த்தவர்களுள் அவருடைய பிள்ளைகள் மூவர் இருந்தனர். இளையவனுக்கு வயது ஒன்பது. ஆளுக்கு இத்தனையென்று எழுதிவைக்கப்பட்ட கணக்கின் மொத்தம் 42,088 தோட்டாக்கள். மன்னனின் உருவம் மன்னனின் படையை நோக்கித் திரும்பியது.

ஒன்பது வயதுச் சிறுவனும் செய்யத்தக்கதாய் அவ்வேலை அமைந்தமைக்குக் காரணம் ஈயத்தின் இயல்பே. அது 327 பாகை செல்சியசில் உருகிவிடும். அடுப்பங்கரை நெருப்பே போதும். கனமானது, மென்மையானது, மலிவானது. மனிதன் அதனைக் குழாயாகவும், கூரைத் தகடாகவும், அச்செழுத்தாகவும், சன்னமாகவும் ஆக்கிக்கொண்டது இவ்விணக்கம் பற்றியே. அச்சிறுவனின் கையில் என்ன ஒட்டியிருந்தது என்று அக்காலத்தில் எவரும் வினவவில்லை.

இணக்கமான இவ்வுலோகத்துக்குப் பூச்சு ஏன் தேவைப்பட்டது? துப்பாக்கிக் குழலின் உட்புறத்திற் சுருள் வரிகளை வெட்டிச் சன்னத்தைச் சுழலச் செய்யும் முறை பரவியபோது, மென்மையான ஈயம் அவ்வரிகளில் உராய்ந்து படிந்தது. படிந்த ஈயம் குறியைக் கெடுத்தது. ஆகவே கொழுப்போ தேன்மெழுகோ தடவும் வழக்கம் ஏற்பட்டது. இச்சிறு தொழில்நுட்ப ஏற்பாடு இந்திய வரலாற்றில் எத்தகைய தீயை மூட்டிற்று என்பதை வரலாற்று மாணவர் அறிவர். 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் துப்பாக்கிக்குரிய காகிதத் தோட்டாவைப் பல்லாற் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது. அதிற் பூசப்பட்டது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு 1857இன் தொடக்கத்திற் பாளையங்களிற் பரவியது. சிப்பாய்கள் தாமே தமக்கு ஏற்ற நெய்யையோ மெழுகையோ பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் அறிவித்தும் ஐயம் தீரவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் மீரட்டில் 85 குதிரைவீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். மே 9ஆம் நாள் அவர்களுக்கு விலங்கிடப்பட்டது. மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் பூச்சொன்றினுள் என்ன இருக்கிறது என்ற வினாவுக்கு நம்பத்தக்க விடை கிடையாதபோது என்ன நேரும் என்பதற்கு அது மறவாத சான்று.

அதன்பின் ஈயத்துக்கு உலோகச் சட்டை வந்தது. சுவிற்சர்லாந்துப் படை அதிகாரியான எடுவார்ட் ரூபின் 1882இல் ஈயச் சன்னத்தைச் செம்புறையால் மூடினார். இரண்டாண்டுகளில் பிரான்சில் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். புதிய மருந்தின் வெப்பத்தையும் வேகத்தையும் வெற்று ஈயம் தாங்காதாகையால், உறையிட்ட சன்னமே படைகளின் வழக்கமாயிற்று. ஆனால் உறை எதுவரை மூடவேண்டும் என்ற வினா எழுந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள தம்தம் என்னும் இடத்துப் படைக்கலத் தொழிற்சாலையில், நுனியில் மட்டும் உறை நீக்கப்பட்ட சன்னங்கள் 1890களிற் செய்யப்பட்டன. மூடப்படாத ஈயம் உடலிற் பட்டவுடன் விரிந்து பெரும் புண்ணை உண்டாக்கும். 1899இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள், உடலில் எளிதில் விரியும் சன்னங்களையும் ஈயத்தை முற்றாக மூடாத உறையுடைய சன்னங்களையும் போரிற் பயன்படுத்தலாகாதென்று பிரகடனம் செய்தன. உறையின் நீள அகலத்தை அளந்து கொடுமைக்கு எல்லை வகுக்க முயன்ற முயற்சி அது. உறை முழுமையாக இருந்தபோதும் சன்னம் சன்னமாகவே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

செம்புறையை வீட்டிற் செய்வது எளிதன்று. எனவே வீட்டு வார்ப்பாளர் நெடுங்காலம் தேன்மெழுகையும் கொழுப்பையுமே நம்பியிருந்தனர். அவர்களுக்கு வேண்டிய ஈயம் பிறர் கழித்ததிலிருந்து கிடைத்தது. மோட்டார் வண்டிச் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் ஈய எடைத்துண்டுகள் ஒரு வழி. அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும், பின்னர் கலிபோர்னியா உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்களும் விலக்கின. அச்சுக்கூடங்கள் மற்றொரு வழி. லைனோரைப் இயந்திரத்தில் எழுத்து வார்த்த கலப்புலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயமும், 12 பங்கு அந்திமனியும், 4 பங்கு வெள்ளீயமும் இருந்தன. நியூ யோர்க் ரைம்ஸ் நாளிதழ் 1978 யூலையில் ஈய எழுத்திலிருந்து விடைபெற்றது. அக்காலத்தில் நாடெங்கும் கழிக்கப்பட்ட எழுத்துலோகத்தில் ஒரு பகுதி சன்ன வார்ப்பாளரின் சட்டிகளைச் சென்றடைந்தது. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட சஞ்சிகைகளைக் கையில் எடுத்து வளர்ந்த வாசகருக்கு இச்செய்தி சிறிது மனவருத்தம் தரலாம். சொல்லாகப் பயன்பட்ட அதே உலோகம் சன்னமாகவும் பயன்படுமெனின், உலோகத்தை நோவதிற் பயனில்லை.

தூட்பூச்சு இவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர், காற்றால் மிதக்கவிடப்பட்ட பிசின் தூளினுட் சூடான உலோகத்தைத் தோய்த்துப் பூசும் முறையை ஆக்கினார். 1960களில் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து விசிறும் முறை வந்தது. கரைப்பான் சேராததால் ஆவி குறைவு. வெப்பத்தில் உருகி இறுகிய பின் எளிதில் உரியாது. தளபாடங்களுக்கும் துவிச்சக்கரவண்டிகளுக்கும் ஏற்றதாய் இருந்த அப்பூச்சு சன்னத்துக்கும் ஏற்றதென்று வீட்டு வார்ப்பாளர் கண்டனர். பிளாஸ்ரிக் பேணியொன்றினுட் சன்னங்களையும் தூளையும் இட்டுக் குலுக்கினாற் போதும். உராய்வினால் எழும் மின்னேற்றமே தூளை ஒட்டவைக்கும். பின்னர் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சிறு மின்போறணையில் வைத்தால் அது மெருகேறி இறுகும். ஈயத்தின் உருகுநிலை அதனினும் மிக உயர்ந்ததாகையால் உருவம் குலையாது.

இதனால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையன்று. மெழுகுப் புகை நீங்கிற்று. குழலில் ஈயம் படிவது குறைந்தது. முடித்த சன்னத்தைக் கையாள்கையில் விரலில் வெற்று ஈயம் ஒட்டுவதில்லை. அடிப்புறம் திறந்திருக்கும் செம்புறைச் சன்னங்கள் சில உண்டு. இப்பூச்சோ சுற்றிலும் மூடுகின்றது. வார்ப்பவர் தம் கைவேலையிற் பெருமை கொள்வதில் வியப்பில்லை.

அத்தகையவர் ஒருவரை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். பெயர் வேண்டியதில்லை, அவரைப் போன்றோர் பலர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தகப்பனிடம் வார்ப்புக் கற்றவர். சனிக்கிழமை பிற்பகலில் வீட்டை ஒட்டிய வாகனக் கொட்டகையில் உருக்குச்சட்டியை மூட்டுகிறார். உருகிய ஈயத்தின்மேல் மிதக்கும் சாம்பல்நிறக் கசடை அகப்பையால் வழித்துத் தகரப் பேணியிற் கொட்டுகிறார். வார்த்து, ஆறவிட்டு, சிவப்புத் தூளிட்டுக் குலுக்கிப் போறணையில் வைக்கிறார். வெளியே எடுத்த சன்னங்கள் கடையில் விற்கும் இனிப்புப்போல் ஒளிர்கின்றன. நான்கு வயதுப் பேரன் வாசலில் நின்று கைநீட்டுகிறான். பாட்டனார் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறார். பூச்சிட்டதுதானே என்பது அவர் எண்ணம்.

சில மாதங்களின் பின், வழமையான சோதனையொன்றில் அப்பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் குறிப்புமட்டத்தைச் சற்றுத் தாண்டியிருப்பது தெரியவருகின்றது. வீட்டுச் சுவர்களில் பழைய வர்ணம் உண்டோ, தண்ணீர்க் குழாய் எத்தகையது, வீட்டில் எவரேனும் ஈயத்தோடு வேலை செய்வதுண்டோ என்று வைத்தியர் வினவுகின்றார். பிள்ளையின் தாய் தகப்பனாரைப் பார்க்கிறாள். அவர் தயக்கமின்றி, "என் சன்னங்கள் எல்லாம் பூச்சிட்டவை" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட வினாவுக்குத்தான் அது விடையன்று.

பூச்சு இறுதியில் வருவது; ஈயத்தின் ஆபத்து அதற்கு முன்னரே வந்துவிடுகின்றது. ஈயம் 1,749 பாகையிற் கொதிப்பது. வார்க்கும் வெப்பத்தில் அதிலிருந்து எழும் ஆவி மிகச் சிறிதே. பெருங்கேடு கசடிலும் துகளிலும் உள்ளது. வழித்தெடுத்த கசடில் ஈயவொட்சைட்டு நுண்டூளாய் இருக்கும். அது பேணியின் விளிம்பிற் படியும், மேசையிற் படியும், சப்பாத்தின் அடியில் ஒட்டி வீட்டுத் தரைவிரிப்புக்கு வரும், சட்டையில் ஒட்டி மடியில் ஏறும் பிள்ளையின் கன்னத்துக்கு வரும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் பருவத்தினருக்கே அது முதலிற் சேரும். சுடும்போதும் அவ்வாறே. தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டிக் கிண்ணத்தில் ஈயச் சேர்வையொன்று வழக்கமாக உண்டு. அதன் புகைத்துகளைச் சன்னத்தின் பூச்சு தடுக்காது. பழஞ்சன்னங்களைப் பொறுக்கி மீள உருக்கும்போது பூச்சே புகையாகிக் கசடாகி ஈயம் மீண்டும் வெறுமையாகின்றது.

உடலுட் புகுந்த ஈயம் கல்சியத்தைப்போல் நடித்து, கல்சியம் செல்லும் வழிகளிலெல்லாம் செல்லும். எலும்பிற் குடியேறிப் பல ஆண்டுகள் தங்கும். வளரும் மூளையிற் கற்றலையும் கவனத்தையும் குறைக்கும். பிள்ளைகளின் குடல் அதனைப் பெரியவர்களின் குடலைவிட மிகுதியாய் உறிஞ்சும். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்ற கணக்கு காலந்தோறும் இறங்கி வந்துள்ளது. ஒரு தெசிலீற்றர் இரத்தத்தில் 60 மைக்கிரோகிராம் வரை கவலைக்குரியதன்றென்று 1960களில் அமெரிக்காவில் எண்ணினர். 1985இல் அது 25 ஆயிற்று, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. இறுதி இரண்டும் தீங்கற்ற எல்லைகள் அல்ல. பிற பிள்ளைகளைவிட மிகுதியான ஈயம் எந்தப் பிள்ளையில் உண்டு என்று கண்டறிய வைத்த குறிப்புமட்டங்கள் மட்டுமே. தீங்கற்ற அளவென்று ஒன்று காணப்படவில்லை என்பதே இன்றைய மருத்துவ அறிவு. லிச்பீல்டில் வார்த்த சிறுவனைப் பற்றி எவரும் வினவாதது அறியாமையால். இன்று வினவாதிருத்தற்கு அக்காரணம் இல்லை.

பூச்சின் எல்லை வீட்டோடும் முடிவதில்லை. விலங்கின் உடலிற் பாயும் சன்னம் சிதறும்போது பூச்சும் சிதறும். நுண்ணிய ஈயத்துணுக்குகள் இறைச்சியிற் பரவும். கலிபோர்னியப் பெருங்கழுகு என்னும் பறவை 1982இல் உலகில் 22 அளவே எஞ்சியிருந்தது. 1987இல் காட்டில் இருந்த இறுதிப் பறவையும் பிடிக்கப்பட்டுக் கூட்டில் வளர்க்கப்பட்டது. 1992 முதல் மீண்டும் காட்டில் விடப்பட்டது. விடப்பட்ட பறவைகளைக் கொன்ற காரணங்களுள் முதன்மையானதாய் ஈயநஞ்சே காணப்பட்டது. வேடர் விட்டுச்சென்ற குடலையும் உடலையும் உண்டு அவை மடிந்தன. நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சிறுசன்னங்களை அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் விலக்கியது. கலிபோர்னியா மாநிலம் 2019 யூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயச் சன்னத்தை விலக்கியது. வண்ணம் எதுவாயினும், பூச்சிட்ட ஈயமும் ஈயமே.

மேற்கூறிய பாட்டனார் தம் தொழிலை விட்டுவிடவில்லை. ஆனால் ஒழுங்கை மாற்றினார். கொட்டகைக்கென்று தனிச் சப்பாத்தும் தனிச் சட்டையும் வைத்தார். அவை வீட்டினுள் வருவதில்லை. கசடுப் பேணிக்கு இறுக்கமான மூடி இட்டார். மேசையைத் துடைப்பத்தாற் கூட்டாது ஈரத்துணியால் துடைக்கின்றார். அந்தப் போறணையில் உணவு எதுவும் சூடாக்கப்படுவதில்லை. வார்ப்பு முடிந்து கைகழுவிக் குளித்த பின்னரே பேரனைத் தூக்குகின்றார். கொட்டகைக் கதவுக்குப் பூட்டு வந்தது. சிவந்த சன்னங்கள் பிள்ளையின் கண்ணிற் படாத உயரத்திற்குப் போயின. அடுத்த சோதனைகளில் ஈய அளவு இறங்கத் தொடங்கியது. உடல்நலத்தைக் காத்தது தூட்பூச்சன்று. பூச்சு எதை மூடவில்லை என்று அறிந்த பின் மேற்கொண்ட நடையே.

முற்றத்தில் உலை மூட்டிய ஈயம் பூசுபவரிடம் இவ்விடத்திற் திரும்பலாம். அவரது பூச்சிலும் ஓர் ஐயம் உண்டு. விலை குறையட்டும் என்று வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து பூசினால், பாத்திரம் அதே வெண்மையுடன் ஒளிரும். புளி அக்காரீயத்தைக் கரைத்து உணவிற் சேர்க்கும். காக்கும் ஈயத்தின் பெயரிலேயே கெடுக்கும் ஈயம் உள்ளே வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பூசுபவரிடம், "இது எந்த ஈயம்?" என்று கேட்கும் வீட்டுப் பெண்ணின் வினாவே அங்குக் காவல். அவ்வினாவை மீரட்டின் வீரர்கள் கேட்டனர். நியூ யோர்க்கின் பொன்மன்னனை வீழ்த்தியவர்கள் கேட்டுப் பார்த்து உள்ளே ஈயத்தைக் கண்டனர். நான்கு வயதுப் பிள்ளையின் பொருட்டு ஒரு பாட்டனாரும் பிந்தியேனும் கேட்டார்.